பன்னிரண்டு வயதில் தொழில் திட்டம்: அடித்தல் திருத்தலோடு

"பெரியவனானதும் என்ன ஆகப்போறே?" என்று வீட்டுக்கு வரும் உறவினர் கேட்கிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளை டாக்டர், இன்ஜினியர், போலீஸ் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. "தெரியல" என்று சொன்னால்தான் சங்கடம். அந்த வயதுக்கு அதுதான் நேர்மையான பதில் என்று ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை.

'கரியர் பிளானிங்' என்ற சொல் பள்ளிகளிலும் விளம்பரங்களிலும் தாராளமாகப் புழங்குகிறது. அதற்குள் மூன்று வேறு காரியங்கள் குழைந்து கிடக்கின்றன: என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வது, தன் இயல்பு என்ன என்று பார்ப்பது, ஒன்றை முடிவு செய்வது. 11 முதல் 14 வயது வரை நடக்க வேண்டியவை முதல் இரண்டும்தான். மூன்றாவதைப் பிடித்து இழுத்து முன்னால் போடும்போதுதான் சிக்கல் வருகிறது.

## மடிப்பு வைத்துத் தைப்பது

வளரும் பிள்ளைக்குப் பாவாடை தைக்கிறவர் கீழே அகலமாக உள்மடிப்பு விட்டுத் தைப்பார். அதற்காக அளவு எடுக்காமல் விடுவதில்லை. இன்றைய அளவைச் சரியாகவே எடுக்கிறார். அது அடுத்த ஆண்டு மாறும் என்பதும் அவர் கணக்கில் இருக்கிறது. துணி மிச்சம் என்று மடிப்பை வெட்டிவிட்டால், பிறகு பிரித்துவிட ஒன்றும் இருக்காது.

இந்த வயதுத் தொழில் திட்டமும் அப்படித்தான். இரண்டு சொற்களை மட்டும் இங்கே பிரித்து வைத்துக்கொள்வோம். தொழில் தேடல் என்பது வேலைகளையும் தன்னையும் சின்னச் சின்ன முயற்சிகள் மூலம் அறிந்துகொள்வது. தொழில் திட்டம் என்பது அந்தத் தேடலில் தெரிந்ததை வைத்து, அடுத்த ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு என்ன செய்வது என்று எழுதி வைப்பது. முப்பது வயதில் எந்த நாற்காலியில் உட்காருவோம் என்ற கேள்வி இரண்டிலுமே இல்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று எதிர்வாதம் வரும். பயிர் வைக்கிறவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். முளையில் தெரிவது ஆரோக்கியம். மகசூல் எவ்வளவு என்பதை நாற்றங்காலில் நின்றுகொண்டு யாரும் சொல்வதில்லை.

'பொருத்தமான ஒரே வேலை' என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடும் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டும் அலுவலகம் தொடங்கினார். உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் யோசித்துப் பொருத்து என்பது அவர் வகுத்த முறை. பள்ளியை விட்டு வெளியேறி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல முறை. பள்ளிக்குள் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதையே கொண்டுவந்தால், பொருத்திப் பார்க்க வேண்டிய ஒரு பக்கம் இன்னும் வளர்ந்தே முடியவில்லை.

1950-களில் டொனால்ட் சூப்பர் என்ற உளவியலாளர் இதை வாழ்நாள் முழுதும் நடக்கும் வளர்ச்சியாகப் பார்த்தார். அவர் கணக்கில் சுமார் 14 வயது வரை வளர்ச்சிப் பருவம். அதற்குள் 11, 12 வயதில் 'எனக்கு எது பிடிக்கிறது' என்பது முன்னுக்கு வருகிறது. 13, 14-இல் 'எனக்கு எது வருகிறது' என்பது சேர்ந்துகொள்கிறது. தேடல் பருவம் என்று அவர் சொன்னது ஏறத்தாழ 15 முதல் 24 வரை. வயதுக் கோடுகள் ஆளுக்கு ஆள் நகரும், வரிசைதான் கவனிக்க வேண்டியது.

சுருக்கமாக: நடுநிலைப்பள்ளி வயதில் வேலை, அளவெடுப்பது. மடிப்பை வெட்டக்கூடாது.

## பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதில்லை, அடித்துவிடுகிறார்கள்

பலருக்கும் தெரியாத உண்மையான இயக்கம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் வெறும் தாளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வேலையாகச் சேர்த்து எழுதிக்கொண்டு போவதாக நாம் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். ஒரு பட்டியலில் இருந்து பெயர்களை அடித்துக்கொண்டே வருகிறார்கள், அதுவும் தாங்கள் அடிப்பது தெரியாமலே.

லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். இந்த அடித்தலுக்கு நாம் வட்டம் சுருங்குதல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அவர் சொன்ன படிகள் இவை. மூன்று முதல் ஐந்து வயதில், வேலை என்பது பெரியவர்கள் செய்வது என்று புரிகிறது. ஆறு முதல் எட்டு வயதில், 'இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை' என்ற கத்தரி விழுகிறது. பட்டியலில் பல பெயர்கள் அங்கேயே போய்விடுகின்றன. ஒன்பது முதல் பதின்மூன்று வயதில் மதிப்பு வருகிறது. எந்த வேலையைச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், எதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. 'இது நமக்குக் கீழே' என்று சிலவற்றையும், 'இது நமக்கு எட்டாது' என்று சிலவற்றையும் அடிக்கிறது. சுமார் பதினான்குக்குப் பிறகுதான், சூப்பர் சொன்னதைவிடத் தாமதமாக, 'எனக்கு இது பிடிக்குமா' என்ற கேள்வி உள்ளே நுழைகிறது.

வரிசையைக் கவனியுங்கள். பிடித்தம் கடைசியில்தான் வருகிறது. அது வரும்போது பட்டியல் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. அடித்த வேலைகளில் பெரும்பாலானவற்றைப் பிள்ளை அருகில் போய்ப் பார்த்ததுகூட இல்லை.

விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி, 2018-இல் பல நாட்டு மாணவர்களுக்கு நடத்திய பிசா தேர்வோடு, 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று 15 வயது மாணவர்களிடம் கேட்டது. 41 நாடுகளின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆண் பிள்ளைகளில் 47 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 53 சதவீதமும் பத்தே பத்து வேலைகளுக்குள் நின்றார்கள். இன்னொரு பக்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2008-இல் வெளியிட்ட உலகத் தொழில் வகைப்பாட்டில் 436 அடிப்படைப் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல வேலைகள் அடங்கும்.

ஆக, இந்த வயதில் தொழில் தேடல் செய்யும் முதல் காரியம், யோசிக்காமல் அடித்த பெயர்களில் சிலவற்றைத் திரும்ப எழுதுவது. இதைச் செய்ய எளிய வழி ஒன்று. ஒரு தாளில் தெரிந்த வேலைகளை எல்லாம் பத்து நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். 'வேண்டவே வேண்டாம்' என்று தோன்றுகிறவற்றின் மேல் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு கோடு போட்ட ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை மூன்று சொல்லுக்கு மிகாமல் எழுதட்டும். "ரத்தம் பிடிக்காது", "வெயிலில் நிற்கணும்" என்பவை காரணங்கள். "பசங்க வேலை", "யாரும் மதிக்க மாட்டாங்க", "நமக்கெல்லாம் கிடைக்காது" என்பவை கேள்விப்பட்டவை. இரண்டாம் வகையில் இருந்து மூன்றை எடுத்துத் திரும்பப் பட்டியலில் சேர்த்தால் போதும். அந்த வேலைகளுக்குப் போக வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. பார்க்காமல் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

## பெயரைப் பிரித்தால் வேலை தெரியும்

அடுத்த தடுமாற்றம், வேலையின் பெயரையே வேலை என்று நினைப்பது. செய்பணி என்ற சொல்லை இங்கே சேர்த்துக்கொள்வோம்: ஒரு வேலையில் இருப்பவர் ஒரு நாளில் உண்மையில் கையாலும் வாயாலும் மூளையாலும் செய்யும் தனித்தனிக் காரியங்கள். பிடிக்கிறதா இல்லையா என்பது செய்பணியில்தான் தெரியும்.

நாய் பிடிக்கும், அதனால் கால்நடை மருத்துவர் ஆவேன் என்கிறது ஒரு பிள்ளை. அந்த மருத்துவரின் ஒரு கால் மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். நாய் பேசாது, எனவே அவர் முதலில் வளர்ப்பவரிடம்தான் பேசுகிறார். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, வாந்தி எடுத்ததா, வீட்டில் யாராவது மாத்திரை கொடுத்தீர்களா? பதற்றத்தில் இருப்பவரிடம் இருந்து நேரான பதில் வாங்குவதே ஒரு திறமை. பிறகு எடை. ஆசனவாயில் வெப்பமானி. ஈறை விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகு கணக்கு: நாய் 12 கிலோ, மருந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 மில்லிகிராம். புட்டியில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருந்தால் ஊசியில் 3 மில்லி ஏற்ற வேண்டும். தசமப் புள்ளி ஓர் இடம் தவறினால் 30 மில்லி. எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி முடிக்க வேண்டும். சில நாட்களில், இனி பிழைக்காது என்று ஒருவரிடம் சொல்ல வேண்டியும் வரும். நாயைக் கொஞ்சுவதற்குக் கிடைத்த நேரம் ஒரு நிமிடம் இருக்கலாம்.

இதைக் கேட்டதும் ஒரு பிள்ளை பின்வாங்கும், இன்னொரு பிள்ளைக்குக் கண் விரியும். இரண்டுமே நல்ல தகவல். பின்வாங்குகிற பிள்ளைக்கு நாயில் என்ன பிடித்தது என்று அடுத்து கேட்கலாம். பழக்கிப் பயிற்றுவிப்பதா? நடத்தையை உட்கார்ந்து கவனிப்பதா? படம் எடுப்பதா? பராமரிப்பதா? ஒவ்வொன்றும் வேறு வேலைக்கு இட்டுச்செல்லும்.

ஒரு வேலையைப் பிரிக்கத் தெரியவில்லை என்றால், அதில் மனிதர்கள், பொருட்கள், தகவல்கள், யோசனைகள் ஆகிய நான்கில் எதோடு அதிக நேரம் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பெயருள்ள வேலையில்கூட இந்தக் கலவை மாறும். கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நாள் முழுதும் திரை முன்னால் கணக்குப் போடுவார். இன்னொருவர் தளத்தில் நின்று ஆட்களோடு பேசியே பொழுதைக் கழிப்பார்.

## ஆர்வத் தேர்வு சொல்வதும் சொல்லாததும்

இணையத்தில் கிடைக்கும் பல தொழில் வினாத்தாள்களுக்குப் பின்னால் இருப்பது ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் முன்வைத்த யோசனை. மனிதர்களின் ஆர்வத்தையும் வேலைச் சூழலையும் ஆறு வகைகளாக அவர் பிரித்தார்: கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், ஒழுங்குபடுத்துதல். ஆறையும் அறுகோணமாக இதே வரிசையில் வைத்தால், பக்கத்துப் பக்கத்து வகைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எதிரெதிர் வகைகள் விலகியிருக்கும். யாரும் ஒரே வகையில் அடங்குவதில்லை. மேலே வரும் இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆர்வத் தேர்வு கேட்பது 'எது பிடிக்கும்'. திறனறி தேர்வு, அதாவது ஆப்டிட்யூட் டெஸ்ட், கேட்பது 'எது வரும்'. முதலாவதில் சரி தவறு கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கி, ஆர்வத் தேர்வில் 'கலை' குறைந்தால் பிள்ளைக்கு ஓவியம் வராது என்று படிக்கிறவர்கள் நிறைய.

இந்த வயதில் ஆர்வத் தேர்வு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். 'இயந்திரத்தைப் பிரித்துச் சரிசெய்வது பிடிக்குமா?' என்று வினா வரும். திருப்புளியே பிடித்திராத பிள்ளை 'பிடிக்காது' என்று குறிக்கும். அதன் பொருள் 'தெரியாது'. வினாத்தாளில் அதற்குக் கட்டமில்லை. இப்படி ஏழெட்டு விடை சேர்ந்தால், பிள்ளைக்கு எதிலுமே ஆர்வம் இல்லை என்பதுபோல் முடிவு தட்டையாக வரும். திருத்துவது எளிது: ஒருமுறையாவது செய்தோ அருகில் நின்று பார்த்தோ இராத செயலின் எண்ணைத் தனியாக வட்டமிடச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டம் விழுந்தால் முடிவைத் தூக்கி ஓரமாக வையுங்கள். வட்டமிட்டவைதான் இப்போது பயனுள்ள பட்டியல். முயன்று பார்க்க வேண்டியவை அங்கே வரிசையாக இருக்கின்றன.

## 'என்னால் முடியும்' முதலில், ஆர்வம் பிறகு

ஆர்வம் இருந்தால் திறமை வளரும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அதில் பாதிதான் உண்மை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் தன்திறன் நம்பிக்கை பற்றி எழுதினார்: குறிப்பிட்ட ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. அது நான்கு வழிகளில் வருகிறது. தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பில் எழும் பதற்றம் அல்லது அமைதி. இவற்றில் வலுவானது முதலாவது. பிற்பாடு 1994-இல் லென்ட், பிரவுன், ஹாக்கெட் என்ற மூவர் இதைத் தொழில் தேர்வோடு இணைத்தார்கள். முடியும் என்று தோன்றுகிற இடத்தில்தான் ஆர்வம் வேர் பிடிக்கிறது என்பது அதன் சாரம்.

இதனால் கிடைக்கும் நடைமுறை விதி: முதல் முயற்சி முடிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். கணினி விளையாட்டு உருவாக்க ஆசைப்படும் பிள்ளை, தான் விளையாடும் பெரிய விளையாட்டைப் போலவே செய்யத் தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடும். 'எனக்கு புரோகிராமிங் வராது' என்ற முடிவு மட்டும் மிஞ்சும். அம்புக்குறியை அழுத்தினால் திரையில் ஒரு கட்டம் நகர வேண்டும், சுவரில் முட்டினால் நிற்க வேண்டும் என்பதோடு நிறுத்தினால் ஒரு பிற்பகலில் முடியும். அடுத்த முயற்சிக்கான பசி அதில் இருந்துதான் வரும்.

## சின்னச் சோதனைகள்

ஒரு பருவத்துக்கு, அதாவது பள்ளியின் ஒரு டெர்முக்கு, இரண்டு வேலைகள் போதும். ஒன்று பிடித்தது, இன்னொன்று திரும்ப எழுதிய பட்டியலில் இருந்து.

செய்து பார்ப்பதற்கு இரண்டு மணி நேரமாக மூன்று அமர்வுகள் ஒதுக்குங்கள். ஒரே அமர்வில் புதுமை மட்டும்தான் தெரியும். சலிப்பும் பிடிப்பும் மூன்றாம் முறைதான் முகம் காட்டும். முடிந்த அன்றே நான்கு வரி எழுத வேண்டும்: என்ன செய்தேன், எந்த இடத்தில் நேரம் போனதே தெரியவில்லை, எது இழுவையாக இருந்தது, அடுத்து எதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மறுநாள் எழுதினால் 'நல்லா இருந்தது' என்ற ஒரு வரிதான் வரும்.

வேலையில் இருப்பவரிடம் பேசுவது இரண்டாவது வழி. இருபது நிமிடம், ஆறு கேள்விக்கு மேல் வேண்டாம். "இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா?" என்று பிள்ளைகள் தொடங்குவார்கள். பெரியவர்கள் மரியாதைக்கு "ரொம்பப் பிடிக்கும் தம்பி" என்பார்கள். பேச்சு அங்கே முடிந்துவிடும். மாறாக, "நேத்து வேலைக்கு வந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க? அதுக்கப்புறம்?" என்று கேட்டால் செய்பணிகள் வரிசையாக வந்து விழும். "எதைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருப்பீங்க?" என்பது இன்னொரு நல்ல கேள்வி. "பள்ளிக்கூடத்துல படிச்சதுல எது இப்போ கைகொடுக்குது?" என்பதற்கு வரும் பதில்கள் பல நேரம் எதிர்பாராதவை. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், நேரம் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அரை நாள் கூட இருந்து பார்ப்பது மூன்றாவது. வாய்ப்பு இருந்தால் செய்யலாம். ஒருவரை ஒருநாள் பார்த்ததை வைத்து முழுத் தொழிலையும் எடைபோட வேண்டாம். அன்று பார்த்தது அந்த நபரின் மனநிலையாகவும் இருக்கலாம்.

## எந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்?

இதுவரை சொன்னதில் அவசரம் எதுவும் இல்லை. ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. மேல்வகுப்புகளில் பாடங்களைப் பிரித்து எடுக்கும் கட்டம் வரும்போது, சில முடிவுகள் ஒருவழிப் பாதை ஆகிவிடும். கணிதத்தை விடுவது சுலபம். இரண்டாண்டு கழித்துத் திரும்பப் பிடிப்பது கடினம். பொறியியல், கட்டடக்கலை, பொருளியல், புள்ளியியல் எல்லாம் வழக்கமாக அதைக் கேட்கின்றன. மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு வேதியியலும் உயிரியலும் வேண்டும். மனிதர்களைப் புரிந்துகொள்ளும் ஆசையில் உளவியல் எடுத்தவர்கள், அதில் புள்ளியியல் தாளைப் பார்த்துத் திகைப்பது சகஜம்.

இதைக் கண்டுபிடிக்கப் பின்னாலிருந்து நடக்க வேண்டும். வேலையை மேலே எழுதுங்கள். அதற்குக் கீழே அதற்கான படிப்பு அல்லது பயிற்சி. அதற்குக் கீழே அந்தப் படிப்பில் சேரக் கேட்கும் பாடங்கள். கடைசியில் அந்தப் பாடங்களை எந்த வகுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. இப்படி நான்கைந்து வேலைகளுக்குப் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால், ஒரே பாடம் திரும்பத் திரும்ப வரும். பிடிக்காவிட்டாலும் அவசரப்பட்டு விடக்கூடாத பாடம் அதுதான். அளவு எடுத்தாலும் வெட்டாமல் வைக்க வேண்டிய மடிப்பு அது. உடல் தகுதியையும் ஒரு வரி பாருங்கள்: விமானி, ரயில் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்கு நிறக்குருடு சோதனை உண்டு. அதைப் பதினெட்டு வயதில் முதன்முதலாகத் தெரிந்துகொள்வது கொடுமை.

## ஒரு பக்கத் திட்டம்

திட்டம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் திரும்பப் படிக்க மாட்டார்கள். பென்சிலால் எழுதுவது நல்லது. மேலே தேதி. இப்போது ஈர்க்கும் செய்பணிகள் மூன்று (வேலைப் பெயர்கள் அல்ல). அவை கலந்து வரும் வேலைகள் நான்கைந்து. இந்தப் பருவத்தில் செய்யப்போகும் இரண்டு சோதனைகள், எந்த வாரம், யாருடைய உதவியோடு என்பதோடு. விடக்கூடாத பாடங்கள். கடைசியாக, இந்தத் தாளைத் திரும்பப் பார்க்கும் தேதி, ஆறு மாதம் தள்ளி.

தற்செயலுக்கும் இதில் இடம் உண்டு. ஜான் கிரம்போல்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் எழுதியது இதைத்தான்: எதிர்பாராத வாய்ப்புகள் வராமல் இருக்காது. ஆவல், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நம்பிக்கை, கொஞ்சம் துணிச்சல் இருப்பவர்களுக்கு அவை கண்ணில் படும். பக்கத்து வீட்டுக்காரர் தேனீப் பெட்டி வைக்கிறார் என்றால், திட்டத்தில் இல்லை என்பதற்காகப் பார்க்கப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

பெற்றோர் தவறுவது பெரும்பாலும் முகபாவத்தில். பிள்ளை ஒரு வேலையைச் சொல்லும்போது புருவம் சுருங்கினால், அந்தப் பெயர் சத்தமில்லாமல் அடிபட்டுவிடும். எதிர்ப்பக்கமும் ஆபத்தானது. பிள்ளை ஒருமுறை 'விண்வெளி' என்றதும் வீடு முழுக்க ராக்கெட் படம் ஒட்டினால், மனம் மாறியதைச் சொல்ல அதற்குக் கூச்சமாகிவிடும்.

திரும்பப் பார்க்கும் தேதி வரும்போது பழைய தாளைத் திருத்த வேண்டாம். அதைக் கோப்பில் வைத்துவிட்டுப் புதிய தாளில் எழுதுங்கள். பதினான்கு முடிவதற்குள் ஐந்தாறு தாள்கள் சேரும். பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்ததும் அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். மேலே இருக்கும் வேலைப் பெயர்கள் தாளுக்குத் தாள் மாறியிருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்று தாள்களிலாவது திரும்பி வந்திருக்கும் செய்பணி எது என்று தேடி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.